குழந்தைகள் நீச்சல் வகுப்பு: அசைந்த நிமிடங்களை வைத்து ஒரு விமர்சனம்

நீச்சல் வகுப்பைப் பற்றி விசாரிக்கிற பெற்றோர் பெரும்பாலும் கேட்பது, எத்தனை மாதத்தில் பிள்ளை கற்றுக்கொள்ளும், எந்த லெவலில் சான்றிதழ் தருவார்கள், கோச் பெரிய போட்டிகளில் நீந்தியவரா என்பதைத்தான். பிள்ளையின் எடையும் ஆரோக்கியமும் மனதில் இருந்தால், அதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: 45 நிமிட வகுப்பில் என் பிள்ளை எத்தனை நிமிடம் கை காலை அசைத்துக்கொண்டிருக்கும்? நாங்கள் இப்போது போகிற வகுப்பை நான் மனசாரப் பரிந்துரைக்கிறேன் என்றால் அந்தக் கேள்விக்கு அங்கே கிடைத்த பதில்தான் காரணம். குறைகளும் இருக்கின்றன, அதில் ஒன்று பெரிய குறை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் விவரம். எட்டு வயது மகளுக்காகச் சேர்ந்தது. வாரத்தில் மூன்று மாலை, ஒவ்வொன்றும் 45 நிமிடம். கூரை போட்ட குளம், 25 மீட்டர் நீளம், ஆழம் குறைந்த பக்கத்தைக் கயிறு கட்டிக் குழந்தைகளுக்கென்று பிரித்திருக்கிறார்கள். ஒரு கோச்சுக்கு ஆறு பிள்ளைகள். பெயரையும் இடத்தையும் எழுதவில்லை, ஏனென்றால் இதைப் படிக்கிற முக்கால்வாசிப் பேர் வேறெங்கோ இருப்பீர்கள், நான் எதையெல்லாம் கவனித்தேனோ அதை உங்கள் பக்கத்து வகுப்பில் வைத்துப் பார்க்க முடிந்தால் அதுவே போதும்.

ஏன் சேர்ந்தோம் என்றால், வழக்கமான பரிசோதனையில் டாக்டர் உயரமும் எடையும் எடுத்து வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டினார், எடைக்கான கோட்டைத் தாண்டி மேலே போயிருந்தது. குழந்தைகளின் பி.எம்.ஐ.யை, அதாவது உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டுகிற எண்ணை, பெரியவர்களைப் போல 25, 30 என்று ஒரே எண்ணை வைத்துப் பார்க்கக் கூடாது, வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 5 முதல் 19 வயது வரை, நடு அளவிலிருந்து ஒரு திட்டவிலக்கத்துக்கு (பிள்ளைகளின் அளவுகள் நடுவிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைச் சொல்கிற அலகு) மேலே போனால் அதிக எடை, இரண்டுக்கு மேலே போனால் உடல் பருமன் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். டாக்டர் பயமுறுத்தவில்லை. "வளர்கிற பிள்ளைக்கு டயட் எல்லாம் வேண்டாம்மா, எடை இப்போதைக்கு இதே இடத்தில் நின்றாலே போதும், உயரம் ஏற ஏற சரியாகிவிடும், தினமும் நன்றாக ஓடியாடட்டும்" என்றார். ஓடியாடுவதில்தான் சிக்கல். ஓடினால் முட்டி வலிக்கிறது என்பாள், தொடை உரசிப் புண்ணாகும், விளையாட்டில் கடைசியாக வருகிற பிள்ளையை மற்ற பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும், கொஞ்ச நாளில் அவளே மைதானத்துக்குப் போக மறுத்துவிட்டாள்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. உலக அளவில் 5 முதல் 19 வயதுக்குள் அதிக எடையோடு இருந்தவர்கள் 1990-ல் 8 சதவீதம், 2022-ல் 20 சதவீதம். ஆள் கணக்கில் 39 கோடிக்கு மேல், அதில் 16 கோடிப் பேர் உடல் பருமன் என்கிற கட்டத்தில் இருக்கிறார்கள். இத்தனை குழந்தைகளிடம் போய் "ஓடு" என்று மட்டும் சொன்னால் வேலைக்கு ஆகாது, ஓடுவதே வலிக்கிற உடம்புக்கு வேறு ஒரு வாசல் வேண்டும். அங்கேதான் தண்ணீர் வருகிறது.

இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உடல் எடையில் ஏறத்தாழ பாதிதான் காலில் இறங்கும், நெஞ்சளவு என்றால் மூன்றில் ஒரு பங்கு, கழுத்தளவு என்றால் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கம். முட்டிக்கும் கணுக்காலுக்கும் அடி விழாமலே மூச்சு வாங்குகிற அளவு உழைக்கலாம். அதே சமயம் தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி, அதனால் கையை எந்தப் பக்கம் இழுத்தாலும் அது எதிர்த்து நிற்கும், தோள், முதுகு, வயிறு, தொடை எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியை 1 என்று வைத்தால், வேகமாக நடப்பது 4-க்குப் பக்கம், நிதானமாக நீந்துவது 6, ஃப்ரீஸ்டைலை, அதாவது கையை மாற்றி மாற்றி வீசி நீந்துவதை, வேகமாக அடித்தால் 10 வரைக்கும் போகும். பெரியவர்களை அளந்து போட்ட கணக்குதான் இது, ஆனாலும் நடையையும் நீச்சலையும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

இன்னொரு விஷயம் இருக்கிறது, அதை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் கொழுப்பின் அடர்த்தி ஏறத்தாழ 0.9, அதாவது தண்ணீரைவிட லேசானது, தசையும் எலும்பும் தண்ணீரைவிடக் கனம். ஆகவே கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிற பிள்ளை மிதப்பதில் மற்றவர்களை முந்திவிடும். மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொடுத்த அன்று நான் மேலே பார்வையாளர் பெஞ்சில் இருந்தேன். கோச் மேடம் இவள் பிடரிக்குக் கீழே இரண்டு விரலை மட்டும் வைத்து, காது தண்ணீருக்குள் போகட்டும், மேலே கூரையைப் பார், தொப்புளை மேலே தூக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார், அப்புறம் விரலை எடுத்துவிட்டார், இவள் அப்படியே கிடந்தாள். பக்கத்தில் ஒல்லியான ஒரு பையன், ஓட்டத்தில் எல்லோரையும் முந்துவான் போலிருக்கிறது, அவனுக்குக் கால் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. "அவளைப் பார், அவள் மாதிரி நெஞ்சு நிறைய மூச்சு வைத்துக்கொள்" என்று மேடம் அவனிடம் சொன்னார். விளையாட்டு என்று வந்த இடத்தில் மற்றவர்களுக்கு முன்மாதிரியாக என் மகளைக் காட்டி யாரும் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த வகுப்புக்கு அவளே பையை எடுத்து வைத்தாள்.

சரி, நேரக் கணக்குக்கு வருகிறேன். இதற்கு முன்னால் வேறொரு இடத்தில் சேர்த்திருந்தோம். அங்கே ஒரு கோச்சுக்குப் பதினைந்து பிள்ளைகள். எல்லோரும் குளத்தின் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் குறுக்கே போய்த் திரும்பிய பிறகுதான் அடுத்தவர் இறங்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம் என்று வைத்தாலும் முறை சுற்றி வர ஏழு எட்டு நிமிடம் ஆகிவிடும், மொத்த வகுப்பையும் கூட்டினால் என் மகள் நீந்தியது ஐந்து நிமிடம்கூடத் தேறாது, மிச்ச நேரம் முழுக்க ஈர உடம்போடு குளிரில் உட்கார்ந்திருந்ததுதான். அங்கே இருந்த பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும் அவள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார், அதை இங்கே எழுத எனக்கு மனசில்லை. அத்தோடு நிறுத்திவிட்டோம்.

இப்போதைய வகுப்பில் வரிசை என்பதே கிடையாது. நீளவாக்கில் விடாமல் அகலவாக்கில் விடுகிறார்கள், சிறிய பிள்ளைகளுக்கு அதுதான் சரி, தூரம் குறைவு, கால் எட்டுகிற ஆழம், பக்கத்தில் பக்கத்தில் பல பேர் ஒரே நேரத்தில் கிளம்பலாம். மூன்று பேர் முதலில் சுவரை உதைத்துக் கிளம்புகிறார்கள், அவர்கள் பாதி தாண்டியதும் அடுத்த மூன்று பேர். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தவர்கள் சும்மா நிற்பதில்லை, சுவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்து ஐந்து முறை குமிழி விட வேண்டும், அதற்குள் மற்ற மூன்று பேரும் வந்துவிடுவார்கள். விளக்கம் சொல்கிற நேரத்தில்கூட மேடம் பிள்ளைகளைக் கரையில் ஏற்றுவதில்லை, கிக்போர்டை (கையில் பிடிக்கிற மிதவைப் பலகை) பிடித்து உதைத்துக்கொண்டே கேளுங்கள் என்கிறார். கடைசியில் விளையாட்டு, தரையில் போட்ட வளையங்களை மூழ்கி எடுப்பது, பந்தை வாயால் ஊதி அந்தப் பக்கம் தள்ளுவது என்று ஏதாவது ஒன்று, பிள்ளைகள் அதிகம் உழைப்பது இந்த நேரத்தில்தான், ஆனால் உழைக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் போனில் கடிகாரத்தை ஓடவிட்டுப் பார்த்தேன், சாதாரணமாக அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அசைந்துகொண்டே இருக்கிறாள். நீங்கள் ஒரு வகுப்பைப் பார்க்கப் போனால் செய்ய வேண்டியதும் இவ்வளவுதான்: ஒரே ஒரு பிள்ளையைக் குறித்துக்கொண்டு, அது நகரும்போது கடிகாரத்தை ஓடவிடுங்கள், நிற்கும்போது நிறுத்துங்கள், வகுப்பு முடியும்போது கிடைக்கிற எண் எந்தச் சான்றிதழையும்விட அதிகம் சொல்லும்.

இந்த அரை மணி நேரம் போதுமா என்றால், போதாது. 5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மிதமானதும் வேகமானதுமான உடல் உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது, அதில் வாரம் மூன்று நாளாவது நன்றாக மூச்சு வாங்குகிற பயிற்சியும் தசையையும் எலும்பையும் வலுவாக்குகிற பயிற்சியும் இருக்க வேண்டும். வாரத்துக்கு 420 நிமிடம். எங்கள் வகுப்பு தருவது ஏறத்தாழ 90 நிமிடம், கால்வாசிக்கும் குறைவு. மீதிக்கு நடை, சைக்கிள், கயிறு தாண்டுதல், பள்ளி மைதானம் என்று வேறு வழிகள் வேண்டும். நல்லவேளையாக ஒன்று இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வருகிறது, தண்ணீரில் மூச்சு பிடிபட்ட பிறகு படியேறும்போது அவளுக்கு முன்பு போல இரைப்பதில்லை, முட்டி வலி என்கிற பேச்சும் குறைந்துவிட்டது, சாயந்திரம் சைக்கிளை அவளே எடுக்கிறாள்.

கயிறு தாண்டுதலைச் சும்மா சொல்லவில்லை. எலும்பு வலுவாக வேண்டுமென்றால் அதன் மேல் உடல் எடை இறங்க வேண்டும், குதிக்க வேண்டும், தரையில் கால் அடித்து விழ வேண்டும். முட்டிக்கு இதமாக இருக்கிற அதே மிதப்பு எலும்புக்கு வேண்டிய அந்த அதிர்ச்சியைத் தராமல் போகிறது, நீச்சலை மட்டுமே செய்கிறவர்களின் எலும்பு அடர்த்தி, குதித்து ஓடுகிற விளையாட்டுக்காரர்களைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது. எங்கள் கோச் மேடமே வகுப்புக்கு முன்னால் தரையில் ஐந்து நிமிடம் குதிக்க வைக்கிறார், வாம்-அப் என்று பெயர், இந்த வேலையும் அதில் கொஞ்சம் நடந்துவிடுகிறது. நீச்சல் எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்கிற விளம்பரங்களை நம்பாதீர்கள், நீச்சலை நேசிக்கிற ஒருத்தியாகத்தான் இதைச் சொல்கிறேன்.

எடைக்கு வருவோம், எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். நீச்சலால் மட்டும் எடை மளமளவென்று குறையாது. 30 கிலோ எடையுள்ள ஒரு குழந்தை அரை மணி நேரம் மிதமாக நீந்தினால் தோராயமாக 100 கலோரி செலவாகும். 330 மில்லி சர்க்கரை பானம் ஒரு டின்னில் 35 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அதுவே 140 கலோரிக்குப் பக்கம். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. இதில் இன்னொரு சங்கடம், குளிர்ந்த தண்ணீரில் உழைத்து வெளியே வந்தால் பசி வழக்கத்தைவிட அதிகமாகும், ஆய்வுகளிலும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது, பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டிப் போகிற எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வார். அதனால் குளத்திலிருந்து வெளியே வந்த அடுத்த அரை மணி நேரத்தில் பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்பது வகுப்பின் ஒரு பகுதிதான். நான் தண்ணீர் பாட்டிலும் ஒரு பழமும் கொஞ்சம் கொட்டை வகைகளும் பையில் போட்டு எடுத்துப் போகிறேன், துவட்டிக்கொண்டிருக்கும்போதே கையில் கொடுத்துவிடுகிறேன், முதல் பசி அடங்கிவிட்டால் வீட்டுக்குப் போய் எல்லோரோடும் உட்கார்ந்து சாதாரணமாகச் சாப்பிடுகிறாள்.

அப்படியென்றால் எடை குறையாவிட்டால் என்ன பயன்? நிறைய இருக்கிறது. தொடர்ந்து உழைக்கிற குழந்தையின் இதயமும் நுரையீரலும் வலுவாகும், இன்சுலின் நன்றாக வேலை செய்யும், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கும், எடை இயந்திரத்தில் முள் அசையாவிட்டாலும் இதெல்லாம் நடக்கும். அதனால் வீட்டில் எடை இயந்திரத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டோம், பிள்ளையை அதன் மேல் ஏற்றுவதே இல்லை. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று ஓர் எளிய அளவு உண்டு, 5 வயதுக்கு மேல் பொருந்தும், 130 சென்டிமீட்டர் உயரம் என்றால் இடுப்பு 65-க்குள். தையல் டேப் போதும், அதையும் ரொம்ப நாளைக்கு ஒரு முறை சட்டை அளவு எடுக்கிற சாக்கில் பார்த்துக்கொண்டால் போதும்.

தூக்கத்தையும் சொல்ல வேண்டும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும், தூக்கம் குறைகிற பிள்ளைகளுக்கு எடை ஏறுகிற வாய்ப்பு அதிகம். வகுப்பு நாளில் இவள் படுத்தவுடனே தூங்கிவிடுகிறாள், போன் கேட்பதில்லை. ஆனால் இரவு எட்டரை மணிக்கு முடிகிற பேட்ச் ஒன்றும் இருக்கிறது, அதில் சேர்க்காதீர்கள், வீடு வந்து சாப்பிட்டுப் படுக்க நேரமாகிவிடும், ஒரு கையில் கொடுத்ததை மறு கையில் பிடுங்கிக்கொள்வது போல ஆகும்.

இனி கோச்சைப் பற்றி, ஏனென்றால் வகுப்பே அவர்தான். பிள்ளையின் எடையைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. சேரும்போது டாக்டர் சொன்னதை நான் ஆரம்பித்தேன், என்னைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டுவிட்டு, "இது நமக்குள்ளேயே இருக்கட்டும், அவளுக்கு நீச்சல் பிடிக்க வேண்டும், அது மட்டும்தான் இப்போது என் வேலை" என்றார். உடை விஷயத்திலும் பிடிவாதம் கிடையாது, முழுக்கை வைத்து முட்டி வரை வருகிற நீச்சல் உடையை எந்தக் கேள்வியும் இல்லாமல் அனுமதிக்கிறார்கள். உடம்பைப் பற்றிக் கூச்சப்படுகிற பிள்ளைகள் நிறையப் பேர் உடை மாற்றும் அறையிலேயே நின்றுவிடுகிறார்கள், குளம் வரைக்கும் வருவதே இல்லை, அதனால் இந்த ஒரு விதி ரொம்பப் பெரிய விஷயம். உடை நிறம் மட்டும் பளிச்சென்று இருக்கட்டும் என்பார், ஆரஞ்சு, மஞ்சள், பளீர் பச்சை போல. நீலமும் சாம்பலும் தண்ணீருக்கு அடியில் கண்ணுக்கே தெரியாது. இதை நான் மேலே நின்று பார்த்துப் புரிந்துகொண்டேன், நீல உடை போட்ட பிள்ளை ஒரு முழுக்குப் போட்டால் குளத்தின் டைல்ஸோடு கலந்துவிடுகிறது.

பாதுகாப்பில் இவர்களுக்கு முழு மதிப்பெண். கோச் வேறு, லைஃப்கார்டு வேறு. கோச் ஒரு பிள்ளையின் கையைத் திருத்திக்கொண்டிருக்கும்போது மற்ற ஐந்து பேரைப் பார்க்க வேறு ஒரு ஜோடிக் கண் வேண்டும், அந்தக் கண்ணுக்கு வேறு வேலை எதுவும் இருக்கக் கூடாது. உயரமான நாற்காலியில் இருக்கிற அந்தப் பையன் போனைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. 2021-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள், அதில் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் 5 வயதுகூட ஆகாத குழந்தைகள், 5 முதல் 14 வயது வரை இறப்புக்கான காரணங்களில் இது மூன்றாவது. மூழ்குகிற குழந்தை சினிமாவில் வருவது போலக் கத்தாது, கையை ஆட்டாது, சத்தமே இல்லாமல் போய்விடும். அதனால்தான் 6 வயதிலிருந்தே பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலையும் நீர்ப் பாதுகாப்பையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. எங்கள் வகுப்பில் ஃப்ரீஸ்டைலுக்கு முன்னால் கற்றுக்கொடுத்தது, தவறி விழுந்தால் திரும்பிச் சுவரைப் பிடிப்பது, மல்லாந்து மிதந்து மூச்சு வாங்குவது, யாராவது தத்தளித்தால் தானே குதிக்காமல் பெரியவர்களைக் கூப்பிடுவது. எவ்வளவு நேரம் மூச்சடக்குகிறாய் பார்க்கலாம் என்கிற போட்டிக்கு முழுத் தடை, வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டு உள்ளே போனால் மூச்சு முட்டுகிற எச்சரிக்கை வருவதற்கு முன்பே மயங்கிவிடலாம் என்பதால். கையில் மாட்டுகிற காற்றுப் பைகளும் கிடையாது, அது பாதுகாப்புச் சாதனமே இல்லை, விளையாட்டுச் சாமான்தான். இவ்வளவும் இருந்தாலும் நான் பெஞ்சை விட்டு எழுந்து போவதில்லை, நீங்களும் போகாதீர்கள்.

தண்ணீரின் தரம் பரவாயில்லை ரகம். நுழைகிற இடத்தில் ஒரு பலகையில் அன்றைய குளோரின் அளவையும் பி.எச்.சையும் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்கிற எண்) எழுதிவைக்கிறார்கள், குளோரின் குறைந்தது 1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), பி.எச். 7-லிருந்து 7.8-க்குள் இருக்க வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள். குளத்தில் மூக்கைத் துளைக்கிற அந்த வாசனை வந்தால் குளோரின் அதிகம், சுத்தமாக இருக்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வேர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாகிற குளோரமைனின் வாசனை அது, கண் எரிச்சலும் இருமலும் பெரும்பாலும் அதனால்தான். இறங்குவதற்கு முன் ஒரு நிமிடம் ஷவரில் நின்றாலே இந்தப் பிரச்சினை நிறையக் குறையும், இங்கே அதைக் கட்டாயம் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள், வார நாட்களில் கடைப்பிடிக்கவும் வைக்கிறார்கள், விடுமுறை நாட்களில் கூட்டத்தில் யாரும் கவனிப்பதில்லை. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு நீச்சல் பொதுவாக நன்றாகவே ஒத்துப்போகிறது, நுரையீரல் திறனும் கூடுகிறது, ஆனால் வாசனை கடுமையாக இருக்கிற நாளில் கூட்டிப்போக வேண்டாம், இன்ஹேலர் பையிலேயே இருக்கட்டும். வயிற்றுப்போக்கு என்றால் குளத்துப் பக்கமே போகக் கூடாது, குளோரினிலும் ஒரு வாரத்துக்கு மேல் சாகாத கிருமி உண்டு, மற்றவர் பிள்ளைகளும் அந்தத் தண்ணீரைத்தான் விழுங்குகின்றன. காது விஷயத்தில் தலையை இரண்டு பக்கமும் சாய்த்துத் தண்ணீரை வடித்துத் துண்டின் நுனியால் துடைத்தால் போதும், பட்ஸ் விடாதீர்கள்.

தண்ணீர் வெதுவெதுப்பு 29, 30 டிகிரி என்று பலகையில் இருக்கும். சிறு பிள்ளைகளுக்கு இந்த அளவு சரி, போட்டிக்கான குளங்கள் 25 முதல் 28 டிகிரி என்று குளிராக இருக்கும், கற்றுக்கொள்கிற பிள்ளை அதில் உதடு நீலமாகி நடுங்கிக்கொண்டுதான் நிற்கும். ஒல்லியான பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம் குளிரும்.

குறைகள். உடை மாற்றும் அறையில் தரை எப்போதும் ஈரம், கொக்கிகள் போதாது, பை வைக்க இடம் கிடையாது, சிறியவர்களுக்குத் தனித் தடுப்பு ஒன்றே ஒன்றுதான், அதற்கு வெளியே ஒரு கூட்டமே நிற்கும். விட்டுப்போன வகுப்புக்கு ஈடு தருவதில்லை, காய்ச்சலில் விட்டாலும் போனது போனதுதான், உடம்பு சரியில்லாத பிள்ளையைப் பெற்றோர் எப்படியாவது கூட்டிவருவதற்கு இதுவே காரணமாகிறது, நிர்வாகம் இதை யோசிக்க வேண்டும். கோடை விடுமுறை பேட்சில் ஆறு பேர் என்கிற கணக்கு பத்து வரைக்கும் போகிறது, அந்த மாதத்தில் மட்டும் அசைகிற நிமிடங்கள் கண்ணெதிரே குறைந்தன, சேர்வதாக இருந்தால் விடுமுறை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு சேருங்கள். லெவல் தேர்வு வருகிற வாரத்தில் பிள்ளைகள் பதற்றமாகிறார்கள், என் மகள் ஒருமுறை வகுப்புக்கு வர மாட்டேன் என்றாள், மேடத்திடம் சொன்னதும் அவளைத் தேர்வுக்கான வரிசையில் நிறுத்தாமல் வழக்கமான பயிற்சியின் நடுவிலேயே பார்த்து முடித்துவிட்டார். அவர் இல்லாத நாளில் வருகிற மாற்றுக் கோச்சுக்கு அந்தப் பொறுமை இல்லை.

பெரிய குறை என்று சொன்னேனே, அது குளத்திலிருந்து வெளியே வருகிற கதவுக்கு நேர் எதிரே வைத்திருக்கிற பான இயந்திரம். உள்ளே இருப்பதில் ஒரே ஒரு வரிசைதான் தண்ணீர், மிச்சம் எல்லாம் சர்க்கரை பானமும் சாக்லெட்டும் சிப்ஸும். அகோரப் பசியோடு, ஈரத் தலையோடு வருகிற ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் போயாக வேண்டும், வழக்கமான வழி அது ஒன்றுதான். ஒவ்வொரு மாலையும் அங்கே ஒரு பிள்ளையாவது அழுதுகொண்டு நிற்கிறது, ஒரு அப்பாவோ அம்மாவோ களைத்துப்போய் வாங்கிக்கொடுக்கிறார், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. உள்ளே ஒரு கோச் அரை மணி நேரம் பாடுபட்டுச் செய்த வேலையை வாசலில் வைத்தே அழிக்கிறோம் என்று யாருக்கும் தோன்றவில்லையா? நானும் இன்னும் சில பெற்றோரும் சேர்ந்து நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், இயந்திரத்தை அலுவலகப் பக்கம் மாற்றுங்கள், இல்லையென்றால் குடிநீரும் பழமும் மட்டும் வையுங்கள் என்று. பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் நாங்கள் பின்பக்கப் படிக்கட்டு வழியாக இறங்கிப் போகிறோம், கேட்டால் காவலாளி கதவைத் திறந்துவிடுவார்.